நன்றிக்கும் விலையுண்டு: மூத்த போர்வீரர் இல்லங்களும் பராமரிப்பாளர் ஊதியமும்

போர்க்களம் சென்று திரும்பிய வீரனைப் போற்றாத சமுதாயம் இல்லை. களத்தில் மாண்டவனுக்கு நடுகல் நாட்டியது நம் பழந்தமிழ் மரபு. ஊர்தோறும் நினைவுத்தூண் எழுப்பி, ஆண்டுக்கொரு நாள் மலர்வளையம் சாத்துவது மேலைநாட்டார் மரபு. இறந்த வீரனைப் போற்றுதல் எளிது. உயிரோடு மீண்டு, முதுமையெய்தி, பிறர் துணையின்றி எழுந்து நிற்கவும் இயலாத நிலையில் படுக்கையிற் கிடக்கும் வீரனைப் பேணுதல் அரிது. முன்னதற்குக் கல்லும் மலரும் போதும். பின்னதற்கு மனிதரின் கைகள் வேண்டும்.

அக்கைகள் யாருடையவை? அவனைக் குளிப்பாட்டி, உணவூட்டி, உடைமாற்றி, நள்ளிரவில் அவன் பழைய போரை நினைத்து அலறும்போது அருகிருந்து தேற்றுவோர் யாவர்? அவர்களுக்கு நாம் தரும் கூலி எவ்வளவு? அது நியாயமானதா என்பதை எந்த அளவுகோலால் அளப்பது? நன்றியுணர்வைப் பற்றிப் பேசும் நாடுகள் இவ்வினாக்களை நெடுங்காலம் எழுப்பவேயில்லை. எழுப்பிய நாடுகளுள் ஒன்று நியூசிலாந்து. அங்கே இவ்வினா உயர்ந்த நீதிமன்றங்களுக்கும் நாடாளுமன்றத்துக்கும் சென்றது, விடை கிடைத்தது, கிடைத்த விடை பின்னர்த் தேய்ந்தும் போயிற்று. அந்த வரலாற்றை ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கம்.

வீரர்க்கென எழுந்த இல்லங்கள்

தென்னாப்பிரிக்கப் போர் 1902ஆம் ஆண்டில் முடிவுற்றது. அடுத்த ஆண்டே, அதாவது 1903இல், ஆக்லாந்து நகரில் மூத்த போர்வீரர்க்கான இல்லம் ஒன்று திறக்கப்பெற்றது. அப்போது ஆளுநராயிருந்த ரான்ஃபர்லி பிரபுவின் பெயரே பின்னர் அவ்வில்லத்துக்கு நிலைத்தது. வெறும் கல்லாலான நினைவுச்சின்னத்தைக் காட்டிலும், வாழும் வீரர்க்கு நிழல்தரும் இல்லமே சிறந்த நினைவுச்சின்னம் என்னும் கருத்து அதன் பின்னணியில் இருந்தது.

முதல் உலகப் போர் இத்தேவையைப் பன்மடங்காக்கிற்று. ஏறத்தாழ 11 இலட்சம் மக்களே வாழ்ந்த அச்சிறு நாடு, ஏறத்தாழ ஓர் இலட்சம் பேரைக் கடல்கடந்த போர்முனைகளுக்கு அனுப்பிற்று. அவர்களுள் சுமார் 18,000 பேர் மாண்டனர். மீண்டவருள் பல்லாயிரவர் காயமுற்றோரும் நோயுற்றோருமாவர். 1915இல் போர் ஓய்வூதியச் சட்டம் வந்தது. 1916இல் மீண்டுவந்த வீரர்கள் தமக்கெனச் சங்கம் கண்டனர். 1918இல் தனீடன் நகரில் மொண்டிசில்லோ இல்லம் தோன்றியது. கிறைஸ்ட்சர்ச்சில் ரானர்டேல், லெவின் நகரில் மற்றோர் இல்லம் என இவ்வரிசை நீண்டது.

இங்கே ஒரு முரண்பாட்டை நாம் உற்றுநோக்க வேண்டும். காலிழந்த வீரனுக்கு எவ்வளவு, கண்ணிழந்தவனுக்கு எவ்வளவு என்று ஓய்வூதியத்தைக் கணக்கிடச் சட்டம் இருந்தது. அவனைத் தூக்கிச் சுமப்பவளுக்கு எவ்வளவு என்று கணக்கிட எவரும் எண்ணவில்லை. அவள் பணி தொண்டு எனப்பட்டது, பாசம் எனப்பட்டது, பெண்ணியல்பு எனப்பட்டது. போற்றுதற்குரிய சொற்கள்தாம்! ஆயினும் வீட்டு வாடகை செலுத்த அவை உதவா.

ஊதியச் சட்டங்களின் நாடு

நியூசிலாந்து, தொழிலாளர் நலனில் பின்தங்கிய நாடன்று. பெண்களுக்கு வாக்குரிமை அளித்த முதல் தன்னாட்சி நாடு அது, ஆண்டு 1893. அதற்கு அடுத்த ஆண்டில், வில்லியம் பெம்பர் ரீவ்ஸ் என்னும் அமைச்சர் கொண்டுவந்த தொழில் இணக்கமுறை, நடுவர் தீர்ப்புச் சட்டம் நிறைவேறிற்று. முதலாளியும் தொழிலாளியும் ஊதியத்தைப் பற்றிப் பிணங்கினால், நடுவர் நீதிமன்றம் இருதரப்பையும் கேட்டுத் தீர்ப்பளிக்கும் என்னும் ஏற்பாட்டை அது நிறுவியது.

ஆனால், அந்நீதிமன்றத்தின் கண்ணுக்குத் தொழிலாளி என்றால் ஆண்மகனே. 1936ஆம் ஆண்டுத் திருத்தச் சட்டம், ஓர் ஆண், அவன் மனைவி, மூன்று குழந்தைகள் ஆகியோர் தக்க வசதியுடன் வாழப் போதுமான அடிப்படை ஊதியத்தை வகுக்கும்படி நீதிமன்றத்தைப் பணித்தது. குடும்பத்தைத் தாங்குபவன் ஆண் என்பது இதன் அடித்தளம். ஆகவே பெண்ணின் ஊதியம் கைச்செலவுக்கான துணை வருவாயாகவே கருதப்பட்டது. 1945இல் வந்த குறைந்தபட்ச ஊதியச் சட்டமும் ஆணுக்கு ஓர் அளவும் பெண்ணுக்கு அதனினும் குறைந்த அளவுமாகவே தொடங்கிற்று. ஆண் கூலி, பெண் கூலி என்று இரண்டு கணக்கு எழுதப்பட்ட தோட்டப்புற வாழ்வை அறிந்த நம்மவர்க்கு இது வியப்பளிக்காது.

மாற்றம் மெல்ல வந்தது. வருமானவரி அலுவலகத்தில் பணியாற்றிய ஜீன் பார்க்கர் என்னும் எழுத்தர், 1956இல் தமக்கு இழைக்கப்பட்ட ஊதிய வேறுபாட்டை எதிர்த்து மேல்முறையீடு செய்தார். அதனைத் தொடர்ந்து எழுந்த கிளர்ச்சியின் பயனாக 1960இல் அரசு ஊழியர்க்குச் சம ஊதியச் சட்டம் கிடைத்தது. தனியார் துறைக்கும் அவ்வுரிமையை விரித்த சட்டம் 1972இல் நிறைவேறிற்று. 1977ஆம் ஆண்டுக்குள் படிப்படியாக அது நடைமுறைக்கு வரவேண்டுமென விதிக்கப்பட்டது.

ஒரே வேலையைச் செய்யும் ஆணுக்கும் பெண்ணுக்கும் ஒரே ஊதியம் என்பது இவ்வாறு உறுதியாயிற்று. ஆனால், ஒரு வேலையைப் பெண்கள் மட்டுமே செய்கிறார்கள் என்றால் என்ன செய்வது? ஒப்பிடுவதற்கு ஆணே இல்லாத இடத்தில் சமம் என்பதற்கு என்ன பொருள்? 1986இல் அலுவலக எழுத்தர்களின் தொழிற்சங்கம் இவ்வினாவுடன் நடுவர் நீதிமன்றத்தை அணுகித் தோல்வி கண்டது. 1990இல் இதற்கெனத் தனிச்சட்டம் ஒன்று பிறந்தது. ஆட்சி மாறியதும் அதே ஆண்டிலேயே அது நீக்கப்பட்டது. 1991இல் வந்த வேலை ஒப்பந்தச் சட்டம், நூறாண்டுக் காலம் நிலவிய நடுவர் தீர்ப்பு முறைக்கே முடிவுகட்டிற்று. தொழிற்சங்கங்கள் நலிந்தன. முதியோர் இல்லத்துப் பணிப்பெண் தன் ஊதியத்துக்குத் தானே பேரம் பேச வேண்டியவளானாள்.

மலிவான உழைப்பின் மூலம்

இந்த இடத்தில் வரலாற்றைச் சற்றே நிறுத்தி, காரணங்களை எண்ணிப் பார்ப்போம். பராமரிப்புப் பணியின் கூலி ஏன் தாழ்ந்தே கிடந்தது?

முதற் காரணம், அப்பணியில் அடங்கிய திறமை கண்ணுக்குத் தெரிவதில்லை. தளர்ந்த உடலைத் தோல் உரியாமல் புரட்டுவதும், விழுங்கும் ஆற்றல் குன்றியவர்க்கு மூச்சடைக்காமல் உணவூட்டுவதும், மறதிநோயுற்றவரின் சினத்தைத் தணிப்பதும் கற்றுத் தேர வேண்டிய கலைகள். ஆயினும் பெண்கள் அவற்றை வீட்டில் கூலியின்றிச் செய்து வந்தமையால், அவை பிறவிக்குணம் என்று தள்ளுபடியாயின.

இரண்டாவது, பணம் தருபவர் ஒருவரே. தம் செலவைத் தாமே ஏற்க இயலாத முதியோர்க்கு அரசு உதவித்தொகை வழங்கிற்று. ஒரு முதியவர்க்கு ஒரு நாளைக்கு இவ்வளவு என்று ஒப்பந்தத்தில் விலை குறிக்கப்பட்டது. வணிக நோக்குடைய இல்லமாயினும், அறக்கட்டளை நடத்தும் போர்வீரர் இல்லமாயினும், உணவு, மருந்து, விளக்கு, கூரை, கூலி அனைத்தையும் அதனுள் அடக்க வேண்டும். மின்கட்டணத்தைக் குறைக்க முடியாது, கூலியைக் குறைக்கலாம். ஊதியத்தை உயர்த்துக என்று தொழிலாளர் கேட்டால், அரசு தரவில்லை என்றார் முதலாளி. அரசைக் கேட்டால், நாங்கள் உங்கள் முதலாளி அல்லர் என்றது அரசு. பந்து இருவர்க்கிடையே உருண்டுகொண்டிருந்தது.

மூன்றாவது, அவர்கள் வேலைநிறுத்தம் செய்யத் துணிவதில்லை. கப்பல்துறைத் தொழிலாளி கைகட்டி நின்றால் சரக்குத் தேங்கும். பராமரிப்பவள் கைகட்டி நின்றால் ஒரு முதியவர் நனைந்த படுக்கையிற் கிடப்பார். அதை அவள் மனம் ஒப்பாது. அவளுடைய அன்பே அவளைக் கட்டிய சங்கிலியாயிற்று.

ஆணையரும் பணிப்பெண்ணும்

2012ஆம் ஆண்டு ஒரு திருப்பத்தைக் கொணர்ந்தது. மனித உரிமை ஆணையத்தில் சமவாய்ப்புத் துறைக்குப் பொறுப்பேற்றிருந்த ஜூடி மெக்கிரெகர், முதியோர் பராமரிப்புத் துறையை ஆராய்ந்து அறிக்கை வெளியிட்டார். ஏடுகளைப் புரட்டுவதோடு அவர் நின்றாரில்லை. தம்மை இன்னாரென்று வெளிப்படுத்தாமல் ஒரு முதியோர் இல்லத்திற் பணிப்பெண்ணாகச் சேர்ந்து உழைத்தும் பார்த்தார். அத்துறையின் நிலையை ஒருவகை நவீன அடிமைத்தனம் என்றே வருணித்தார்.

அதே ஆண்டில், லோயர் ஹட் நகரில் ஓர் இல்லத்தில் இருபது ஆண்டுகளுக்கு மேல் பணியாற்றிய கிறிஸ்டீன் பார்ட்லெட் என்னும் மாது, தம் தொழிற்சங்கத்தின் துணையுடன், டெர்ராநோவா என்னும் தம் முதலாளி நிறுவனத்தின்மீது சம ஊதிய வழக்குத் தொடுத்தார். அவர் பணியாற்றியது போர்வீரர் இல்லமன்று. சாதாரண முதியோர் இல்லமே. ஆயினும் இரண்டுக்கும் ஊதியப் படியளந்தது ஒரே அரசு ஒப்பந்த முறை என்பதால், அவர் வழக்கு அனைவர் வழக்குமாயிற்று. இருபதாண்டு அனுபவத்துக்குப் பின் அவர் பெற்ற கூலி மணிக்கு 14 நியூசிலாந்து வெள்ளியும் சில காசுகளுமே. அன்று நாட்டின் குறைந்தபட்ச ஊதியம் மணிக்கு 13 வெள்ளி 50 காசு. இருபதாண்டு உழைப்பின் மதிப்பு, மணிக்கு ஒரு வெள்ளிகூடத் தேறவில்லை!

நீதிமன்றம் எழுப்பிய வினா

முதலாளி தரப்பு வாதம் எளிமையானது. எங்கள் பராமரிப்பாளர்களுள் மிகச் சிலரே ஆண்கள். அவர்களுக்கும் இதே ஊதியந்தான் தருகிறோம். ஆகவே சம ஊதியச் சட்டத்தை நாங்கள் மீறவில்லை என்றனர். மேலோட்டமாய் நோக்கினால் இது சரியாகவே தோன்றும்.

ஆனால் 1972ஆம் ஆண்டுச் சட்டத்தில் ஒரு நுட்பமான சொற்றொடர் நாற்பதாண்டுகளாக உறங்கிக் கிடந்தது. பெண்களே பெரிதும் செய்யும் பணியாயின், அதே திறமையும் பொறுப்பும் முயற்சியும் உடைய ஆணுக்கு என்ன ஊதியம் தரப்பட்டிருக்குமோ, அதனை அளவாகக் கொள்ள வேண்டும் என்பது அதன் கருத்து. தரப்படுகிறது என்று கூறாமல், தரப்பட்டிருக்கும் என்று கூறிய அந்த ஒரு வினைச்சொல்லில் வழக்கே தங்கியிருந்தது. பெண்கூலி என்று தாழ்த்தப்பட்ட தொழிலுக்குள் வந்த ஆணும் அத்தாழ்வையே சுமக்கிறான். அவனைக் கொண்டு நியாயத்தை அளப்பது, வளைந்த கோலால் வளைவை அளப்பது போன்றது. ஆகவே பிற தொழில்களை நோக்கி ஒப்பிடுவதற்குச் சட்டம் இடந்தருகிறது என்று தொழில் நீதிமன்றம் 2013 ஆகஸ்டில் தீர்ப்பளித்தது. 2014 அக்டோபரில் மேல்முறையீட்டு நீதிமன்றம் அதனை உறுதி செய்தது. அவ்வாண்டு டிசம்பரில், மேலும் முறையிடுவதற்கு உச்ச நீதிமன்றம் அனுமதி மறுத்தது.

இதன்பின் வாதம் வேறு தளத்துக்குச் சென்றது. சிறைக் காவலர் போன்ற ஆண்கள் மிகுந்த பணிகளோடு பராமரிப்பாளர் பணி ஒப்பிடப்பட்டது. இருவரும் பிறர் பாதுகாப்புக்குப் பொறுப்பேற்கின்றனர். இருவரும் முறைமாற்றி இரவுபகல் உழைக்கின்றனர். இருவரும் அடியும் வசவும் வாங்க நேர்கிறது. பின் ஊதியத்தில் மட்டும் ஏன் இத்தனை இடைவெளி?

2017ஆம் ஆண்டு உடன்பாடு

வழக்கை நீட்டுவதினும் பேசித் தீர்ப்பதே தக்கது என்று அரசு உணர்ந்தது. 2015இல், டேம் பாட்ஸி ரெட்டி தலைமையில், அரசும் முதலாளிகளும் தொழிற்சங்கங்களும் இணைந்த குழுவொன்று, ஊதிய நியாயத்தை அளப்பதற்கான நெறிகளை வகுக்க அமைக்கப்பட்டது. 2017 ஏப்ரல் 18இல், பிரதமர் பில் இங்கிலீஷ் உடன்பாட்டை அறிவித்தார். ஐந்தாண்டுகளில் 200 கோடி வெள்ளிக்கு மேல் செலவிட அரசு இசைந்தது. சுமார் 55,000 பராமரிப்பாளர் பயனடைந்தனர். அதற்கெனத் தனிச்சட்டமே இயற்றப்பட்டு 2017 ஜூலை முதல் நாள் நடைமுறைக்கு வந்தது.

குறைந்தபட்ச ஊதியம் 15 வெள்ளி 75 காசாக இருந்த அந்நாளில், புதிதாய்ச் சேரும் பராமரிப்பாளருக்கு மணிக்கு 19 வெள்ளி என்றும், மேல்நிலைத் தகுதி பெற்றவர்க்கு 23 வெள்ளி 50 காசு என்றும் தொடக்க அளவுகள் வகுக்கப்பட்டன. 2021ஆம் ஆண்டுக்குள் இவை முறையே 21 வெள்ளி 50 காசும் 27 வெள்ளியுமாக உயரும். முன்பே பணியிலிருந்தோர்க்கு, அவர்தம் பணியாண்டுகளே தகுதியாக ஏற்கப்பட்டன. 12 ஆண்டுகளுக்கு மேல் உழைத்தவர் சான்றிதழின்றியே உச்சப்படியில் ஏறினர். அனுபவமும் ஒரு கல்விதான் என்று சட்டம் ஏற்றுக்கொண்டதை நாம் தனித்துப் பாராட்ட வேண்டும். மேலும், தொழிலாளர் தகுதிச் சான்று பெறுவதற்கு வழிசெய்தல் முதலாளியின் கடமை எனவும் விதிக்கப்பட்டது. பார்ட்லெட் அம்மையார் 2018ஆம் ஆண்டின் சிறந்த நியூசிலாந்தர் என்னும் விருதுக்குரியவரானார்.

வெற்றியுள் மறைந்த குறைகள்

வரலாறு வெற்றியோடு முடிவதில்லை. சமையலறையிலும் சலவைக்கூடத்திலும் உழைத்தோர் இவ்வுடன்பாட்டுள் அடங்கவில்லை. மனநலத் துறைப் பராமரிப்பாளர் அடுத்த ஆண்டில்தான் சேர்க்கப்பட்டனர். தகுதி உயர உயர ஊதியமும் உயர்ந்தமையால், உச்சப்படியில் இருந்த மூத்த பணியாளர் சிலருக்கு முதலாளிகள் பணிநேரத்தைக் குறைத்தனர் என்பதை ஆய்வாளர் கண்டறிந்தனர். மணிக்கூலி உயர்ந்து மணிகள் குறைந்தால், வீடு வந்துசேரும் தொகையில் மாற்றமென்ன?

இவற்றினும் பெரிய குறை ஒன்றுண்டு. உடன்பாடு ஐந்தாண்டுக்கு மட்டுமே எழுதப்பட்டது. அதன்பின் ஊதியத்தைத் தானாக உயர்த்தும் பொறி எதுவும் அதில் இல்லை. விளைவைக் கணக்கு காட்டும். 2017இல், அடிப்படியில் இருந்த பராமரிப்பாளர் குறைந்தபட்ச ஊதியத்தைவிட மணிக்கு 3 வெள்ளி 25 காசு கூடுதலாகப் பெற்றார். 2022 ஏப்ரலில் குறைந்தபட்ச ஊதியம் 21 வெள்ளி 20 காசாயிற்று. அவருடைய ஊதியமோ 21 வெள்ளி 50 காசில் நின்றது. இடைவெளி 30 காசு! ஐந்து நெடிய ஆண்டுகள் போராடி ஏறிய மேடு, மற்றோர் ஐந்தாண்டில் ஏறத்தாழச் சமதரையாகிவிட்டது. சட்டம் சிறு உயர்வுடன் 2023 இறுதிவரை நீட்டிக்கப்பட்டதேயன்றி, நிலையான தீர்வு பிறக்கவில்லை.

தொழிற்சங்கங்கள் 2022இல் புதிய கோரிக்கைகளைப் பதிவு செய்தன. அவை நிலுவையிலிருக்கும்போதே, 2025 மே மாதத்தில், அரசு அவசர முறையில் சட்டத்தைத் திருத்திற்று. தெரிவுக்குழுவின் ஆய்வுக்கு அனுப்பாமல், பொதுமக்கள் கருத்தைக் கேளாமல், சில நாள்களுக்குள்ளாகவே அது நிறைவேறிற்று. நிலுவையிலிருந்த 33 கோரிக்கைகளும் ஒரே கையெழுத்தில் மாய்ந்தன. பெண்கள் 60 விழுக்காட்டினராயிருந்தால் கோரிக்கை எழுப்பலாம் என்றிருந்த எல்லை 70 விழுக்காடாக உயர்த்தப்பட்டது. பழைய முறை கட்டுக்கடங்காச் செலவுக்கு இடந்தந்தது, ஒப்பீடுகள் பொருந்தா இடங்களுக்கும் நீண்டன என்பது அரசின் வாதம். அம்மாத வரவுசெலவுத் திட்டத்தில், இத்திருத்தத்தால் நான்காண்டுகளில் மிச்சமாகும் தொகை 1,280 கோடி வெள்ளி என்று கணக்குக் காட்டப்பட்டது. இதனை ஏற்காத முன்னாள் பெண் நாடாளுமன்ற உறுப்பினர் பதின்மர், கட்சி வேறுபாடின்றி, மெரிலின் வேரிங் தலைமையில் ஒன்றுகூடி, அரசு கேளாத மக்கள் குரலைத் தாமே கேட்கத் தலைப்பட்டனர்.

நியாயத்தின் அளவுகோல்

அரசின் கவலையை நாம் எளிதில் ஒதுக்கிவிடலாகாது. கருவூலத்தின் பணம் மக்கள் பணம். மருத்துவமனைக்கும் பள்ளிக்கும் அதே பெட்டியிலிருந்துதான் எடுக்க வேண்டும். ஆனால் மிச்சம் என்னும் சொல்லை ஆராய்ந்து பார்த்தல் வேண்டும். ஒருவர்க்கு உரியதைக் கொடாமல் வைத்துக்கொள்வது மிச்சமாகாது, அது கடன். செலவினம் பெரிது என்பது, இதுவரை கொடாமல் விட்டது எவ்வளவு பெரிது என்பதற்கே சான்றாகும்.

இவ்வரலாற்றிலிருந்து மூன்று முடிவுகளை நாம் பெறலாம். ஒன்று, பராமரிப்புப் பணிக்கு நியாயக் கூலியைச் சந்தை தானாக வகுக்காது. அரசு ஒருவரே பணம் தருபவராக இருக்கும் துறையில் அரசே பொறுப்பேற்க வேண்டும். இரண்டு, அளவுகோல் வெளியிலிருந்து வரவேண்டும். தாழ்த்தப்பட்ட தொழிலை அதே தொழிலோடு ஒப்பிட்டால் தாழ்வே நியாயமாகத் தோன்றும். மூன்று, ஒருமுறை உயர்த்திவிட்டு ஓய்ந்திருத்தல் போதாது. விலைவாசியோடும் பிற ஊதியங்களோடும் இணைந்து உயரும் ஏற்பாடு இல்லையேல், காலமே அதனைக் கரைத்துவிடும்.

வள்ளுவர் செய்ந்நன்றியறிதலுக்கென்று தனி அதிகாரமே வகுத்தார். நாட்டுக்காகப் போரிட்டவர்க்கு நாடு பட்ட நன்றிக்கடனை, நாட்டின் சார்பில் நாள்தோறும் செலுத்திக்கொண்டிருப்பவர் அந்தப் பராமரிப்பாளரே. முதுவீரரின் சுருங்கிய கையைப் பிடித்து அவர் நடத்திச் செல்லும்போது, நடப்பது ஒரு தேசத்தின் நன்றி. அந்த நன்றியைச் சுமப்பவர் பசியோடு வீடு திரும்புவாராயின், நினைவுத்தூண்களில் நாம் சாத்தும் மலர்வளையங்களுக்கு மணமேது? வீரனுக்குச் செய்யும் சிறப்பு அவனைப் பேணுபவரின் சம்பள நாளிலும் விளங்க வேண்டும். அங்கே விளங்காத சிறப்பு வெறும் சடங்கே.